இருபத்தைந்து சதத்து அரிசி

பழங்கால விலைவாசியைப் படித்து வியப்பதில் நம்மவர்க்கு அண்மைக் காலமாக ஒரு தனிச் சுவை உண்டாகியிருக்கின்றது. பாடசாலை நூற்றாண்டு மலர்களிலும், கோயிற் கும்பாபிடேக மலர்களிலும், வணிகர் அச்சிட்டு வழங்கும் நாட்காட்டிகளின் பின்புறத்திலுங்கூட, ‘அந்த நாளில்’ என்று தலைப்பிட்டு ஒரு பட்டியல் வெளிவருகின்றது. அரிசி இன்ன விலை, சீனி இன்ன விலை, படமாளிகைக் கட்டணம் இவ்வளவு, அன்று ஓடிய படம் இது, அன்றைய தலைப்புச் செய்தி இது என்று ஐந்தாறு வரிகள். படிப்பவர், ‘என்ன மலிவு! என்ன நிம்மதி!’ என்று பெருமூச்செறிந்து பக்கத்தைப் புரட்டுகின்றார். பதுளையில் வெளிவந்த விழா மலரொன்றிலும் அத்தகைய பட்டியலொன்றைக் கண்டேன். அதன் முதல் வரி, ‘ஒரு கொத்து அரிசி 25 சதம்’ என்பது.

யான் இலக்கணம் கற்பிக்குந் தொழிலினன். வாக்கியத்தைக் கண்டவுடன் எழுவாயைத் தேடுவது எங்கள் பழக்கம். மேற்காட்டிய வரியில் அரிசி இருக்கின்றது, விலை இருக்கின்றது, வாங்கியவரைக் காணோம். மறைந்து நிற்கும் எழுவாயைத் தோன்றா எழுவாய் என்பர் இலக்கணகாரர். சொல்லாமலே விளங்குமாயின் அதனை மறைத்துக் கூறுவதிற் குற்றமில்லை. ஆயின், ஊவா மாகாணத்திலே 25 சதம் கொடுத்து அவ்வரிசியை வாங்கியவர் யார், அந்த 25 சதம் அவர் கைக்கு எங்ஙனம் வந்தது என்பன சொல்லாமல் விளங்குவன அல்ல. அப்பட்டியல் நகரத்துக் கடைத்தெருவில் நின்றுகொண்டு எழுதப்பட்டது. நகரத்தைச் சூழ்ந்த மலைகளிலே, ஸ்பிரிங்வெலியிலும் நமுனுகுலையிலும் பசறையிலும் மடுல்சீமையிலும் தெமோதரையிலும், லயங்களில் வாழ்ந்த பல்லாயிரவர் அதனுட் புகவேயில்லை.

பால பண்டிதத் தேர்வுக்குச் சங்கச் செய்யுட்களை நெட்டுருப் பண்ணிய நாளிலேயே யான் கவனித்த செய்தி ஒன்றுண்டு. மதுரைக்காஞ்சியில் நாளங்காடியையும் அல்லங்காடியையும் விரித்துரைத்த புலவர் உட்பட, அக்காலத்துச் சான்றோர் ஒரு பண்டத்தின் விலையைக் காசுக் கணக்கிற் சொல்வது மிக அரிது. உப்பு வணிகராகிய உமணர் உப்பைக் கொடுத்து நெல்லைக் கொண்டனர். பரதவர் மீனைக் கொடுத்து நெல்லைக் கொண்டனர். இன்னதற்கு இன்னது என்பதே அவர் அறிந்த விலை. கொடுத்தவர் கையும் கொண்டவர் கையும் ஒருங்கே தெரியும்படி பேசிய அவர்களிடம் நம் பட்டியற்காரர் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு.

அம்முறையை நம் மலைநாட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். தோட்டத் தொழிலாளி விற்றது ஒரு நாள் உழைப்பு, கொண்டது அரிசி. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின்படி, 1929 இலே மலைநாட்டுத் தோட்டங்களில் ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், பிள்ளைக்கு 32 சதமும் கூலியாக வகுக்கப்பட்டன. தோட்டத்தார் தொழிலாளர்க்குப் போடும் அரிசிக்குப் புசல் ஒன்றுக்கு 6 ரூபா 40 சதம் என விலை கணிக்கப்பட்டது. புசலுக்கு 32 கொத்து. ஆகவே கொத்துக்கு 20 சதம். ஆண் ஒருவர் நாள் முழுதும் மலையில் நின்று பெற்ற கூலிக்கு மூன்று கொத்து அரிசியும் முழுமையாகக் கிடைக்கவில்லை. பெண்ணுக்குக் கிடைத்தது இரண்டு கொத்துக்குச் சிறிதே மிகுதி. பிள்ளைக்கு ஒன்றரைக் கொத்தை ஒட்டியது. பிள்ளைக்குக் கூலி விகிதம் இருந்தது என்பதையும் வாசகர் கவனிக்க. பட்டியல்களில் எழுதுகோலின் விலை இருக்கும். எழுதுகோலைப் பிடிக்க வேண்டிய கை கொழுந்துக் கூடையிலோ புல்வெட்டும் கத்தியிலோ இருந்தது இராது.

இக்கணக்கை இக்காலத்தோடு ஒப்பிடாமல் விடுவது நேர்மையன்று. 2024 இலே தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பரில் அரசாங்கம் நாட்டரிசிக்கு விதித்த உச்ச சில்லறை விலை கிலோவுக்கு 230 ரூபா. கொத்து ஏறக்குறைய இரண்டு இறாத்தல், அஃதாவது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கணக்கிட்டால் ஒரு நாட்கூலிக்கு ஆறரைக் கொத்து அரிசி வரும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. அச்சமத்துவம் 1984 இல் வந்தது. ஆகவே 20 சதத்துக்கு அரிசி விற்ற ‘மலிவுக் கால’த்திலும் பார்க்க, 230 ரூபாவுக்கு விற்ற ‘விலையேறிய கால’த்திலே தொழிலாளியின் ஒரு நாள் உழைப்பு இரு மடங்குக்கு மேற்பட்ட அரிசியைக் கொண்டுவந்தது. இதனைக் கேட்டு இக்காலமே பொற்காலம் என்று எவரும் கூத்தாட வேண்டா. அக்காலத்துக் குடும்பம் வாங்காத பல பொருள்களை இக்காலத்துக் குடும்பம் வாங்கியே தீரவேண்டும். பேருந்துக் கட்டணம், பிள்ளைகளின் வகுப்புக் கட்டணம், மின்கட்டணம், கைத்தொலைபேசி ஆகிய ஒவ்வொன்றும் அந்த ஆறரைக் கொத்திலிருந்தே அளக்கப்படுகின்றன. யான் காட்ட முனைந்தது இவ்வளவே: விலையை மட்டும் பார்த்து ஒரு காலத்தை மலிவு என்பது கண்ணை மூடிக்கொண்டு நிறுப்பதை ஒக்கும்.

கூலி விகிதம் என்று சட்டப் புத்தகத்தில் எழுதியிருப்பதும் முழுக் கதையன்று. மலைநாட்டு வழக்கிலே ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். பெரட்டுக் களத்துக்குப் பிந்தி வந்தால், கொழுந்து நிறை குறைந்தால், கணக்கப்பிள்ளையின் மனம் கோணினால், அந்தப் பேர் ‘அரைப்பேர்’ ஆகிவிடும். இச்சொல்லை அகராதிகளிற் காண்பது அரிது. மலையிலே அதனை அறியாதார் எவருமில்லை. அரைப்பேருக்கு அரைக் கூலி. அரிசியின் விலையோ அரையாவதில்லை. முற்காலத்தில் ‘துண்டு’ என்றொரு கடன் சீட்டும் இருந்தது. தொழிலாளியின் கடனை எழுதிய அச்சீட்டே அவரை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கைமாற்றியது. 1921 இற் சட்டம் அதனை ஒழித்தது. கடன் ஒழிந்ததா என்றால், அது கடைக்காரரின் கொப்பிக்குக் குடிபெயர்ந்தது.

இனி, விழா மலர் போற்றிய 25 சதத்துக்கு வருவோம். அந்த விலை என்றும் நின்ற விலையன்று. அதன் இறுதி நாட்கள் ஆண்டும் மாதமுமாகத் தெரிந்தவை. 25 சதம் என்பது அரசாங்கம் மானியம் கொடுத்துத் தாங்கிய கூப்பன் அரிசியின் விலை. 1952 மே மாதத்துத் தேர்தலிலே அவ்விலையைக் காப்பதாக மக்களுக்கு உறுதி கூறியே டட்லி சேனநாயக்கவின் கட்சி வெற்றிபெற்றது. கொரிய யுத்தத்தால் ஏறியிருந்த றப்பர் விலை விழுந்தது. உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியது. 1952 டிசெம்பரிலே சீனாவோடு றப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டும் திறைசேரியின் சுமை தீரவில்லை. 1953 ஜூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன கொணர்ந்த வரவுசெலவுத் திட்டம் மானியத்தை வெட்டியது. 25 சதத்து அரிசி 70 சதமாயிற்று. புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் உயர்ந்தன. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நிறுத்தப்பட்டது.

விலை ஏற்றத்தின் அளவை இளைஞர் உணரும்படி ஓர் ஒப்பீடு கூறுவேன். 2022 இல் நாமெல்லாம் பட்ட பாட்டை எவரும் மறந்திருக்க மாட்டார். அவ்வாண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி, உணவுப் பணவீக்கம் ஏறக்குறைய 95 வீதம். அதுவும் ஓராண்டுக் காலத்து ஏற்றம். 1953 இலே அரிசிக்கு நேர்ந்தது 180 வீத ஏற்றம். அஃது ஒரே அறிவிப்பில் நேர்ந்தது. வாரத்துக்குப் பத்துக் கொத்து வாங்கும் குடும்பம் ஒன்று அதுகாறும் 2 ரூபா 50 சதம் கொடுத்தது. பின்னர் 7 ரூபா கொடுக்க வேண்டியதாயிற்று.

1953 ஓகஸ்ட் 12, புதன்கிழமை. இடதுசாரிக் கட்சிகள் அழைத்த ஹர்த்தால் அன்று நடந்தது. தமிழரசுக் கட்சியும் அதனை ஆதரித்தது. மேற்குக் கரையிலும் தென்மேற்குக் கரையிலும் கடைகள் மூடப்பட்டன, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டிலே உயிர்கள் மாண்டன. அவசரகால நிலை பிரகடனமாயிற்று. அமைச்சரவை, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூபவுண்ட்லாந்து என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலிலே கூடியது. ஒரு கொத்து அரிசியின் விலை ஒரு நாட்டின் அமைச்சரவையைக் கடலுக்கு அனுப்பியது என்பது உலக வரலாற்றில் அடிக்கடி நிகழ்வதன்று. ஒக்டோபரிலே டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். சேர் ஜோன் கொத்தலாவல பிரதமரானார். அரிசி விலை 55 சதமாக இறக்கப்பட்டது.

அந்த நாளின் உலகச் செய்தியைப் பட்டியற்காரர் தேடுவாராயின் அவருக்குக் குறைவிராது. சோவியத் நாடு தன் முதல் ஐதரசன் குண்டு என்று கூறிக்கொண்டதை அன்றே வெடித்துப் பார்த்தது. கிரேக்க நாட்டு அயோனியத் தீவுகளைப் பெரும் பூகம்பம் ஒன்று அன்றே குலைத்தது. இரண்டு மாதங்களுக்கு முன்னர்த் தென்சிங்கும் ஹிலரியும் எவரெஸ்டில் ஏறியிருந்தனர். இரண்டு வாரங்களுக்கு முன்னர்க் கொரியாவிற் போர்நிறுத்தம் கையெழுத்தாகியிருந்தது. நல்லது. அந்தப் புதன்கிழமை பதுளை மலைகளில் என்ன நடந்தது?

பெரும்பாலும், வேலை நடந்தது. மலைநாட்டுத் தோட்டங்கள் பொதுவாக அன்று நிற்கவில்லை. இதனைக் காட்டித் தோட்டத் தொழிலாளர்க்கு நாட்டின் பாடு தெரியாது என்று பேசியவரை யான் கேட்டிருக்கின்றேன். அப்பேச்சில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. அரிசியைத் தாமே விளைக்காமல், ஒவ்வொரு மணியையும் காசுக்கு வாங்கி உண்டவர் இந்நாட்டில் எவரேனும் உளரெனின் அவர் தோட்டத் தொழிலாளரே. கிராமத்து உழவனுக்கு ஒரு துண்டு வயலாவது, ஒரு பலாமரமாவது உண்டு. லயத்துக் குடும்பத்துக்குக் கதவுக்கு முன்னால் நாலடி நிலமும் துரையின் அனுமதியும் உண்டு. 25 சதம் 70 சதமானபோது அடி எவருக்கு வலிதாக விழுந்தது என்று கேட்கவும் வேண்டுமா? அக்குடும்பங்களின் அரிசியைத் தோட்ட நிருவாகமே எடுத்துப் போட்டு அதன் விலையைச் சம்பளத்திற் கழித்துக்கொண்டது. ஆகவே அவர்கள் விலையேற்றத்தைக் கடைத்தெருவிற் காணவில்லை, சம்பள நாளிற் குறைந்த காசிலே கண்டார்கள். வாழ்க்கைச் செலவுப்படி என்று ஒன்று இருந்தது உண்மையே. விலை ஏறிய பின்னர்ச் சுட்டெண் ஏறும். சுட்டெண் ஏறிய பின்னர்ப் படி ஏறும். இரவுச் சோற்றுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

அவர்கள் ஏன் நாட்டோடு எழவில்லை என்று கேட்போர், அவர்களை நாட்டினர் என்று சட்டம் சொல்லிற்றா என்று முதலிற் கேட்கவேண்டும். 1947 தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது. அவற்றுட் பதுளையும் ஒன்று. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. 1952 இலே அதனை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் இருந்து பார்த்தார்கள். ‘25 சதம்’ என்று உறுதி கூறி வாக்குக் கேட்ட அந்தத் தேர்தலிலே அவருட் பெரும்பாலாருக்கு வாக்கு இல்லை. எனவே அந்த உறுதி அவருக்குக் கூறப்பட்டதுமன்று, அவரிடம் மீறப்பட்டதுமன்று. தமக்கு உறுப்பினர் இல்லாத பாராளுமன்றம் ஏற்றிய விலையை அவர்கள் கொடுத்தார்கள். தாம் வாக்களிக்காத அரசாங்கம் இறக்கிய விலையையும் கொடுத்தார்கள். அன்றாட விலைவாசியைப் பற்றி எழுதுவோர் இதனைத் தவிர்த்துவிட்டு எழுதமுடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னுமொன்று, பருவத்தைப் பற்றியது. ஓகஸ்ட் என்பது ஊவாவுக்குக் கச்சான் காற்று வீசுங் காலம். மேற்குச் சரிவிலே தென்மேற்குப் பருவமழை கொட்டும். மலையைக் கடந்து வருங் காற்று நம் பக்கத்துக்கு வறண்டு வரும். அவ்வறட்சியிலே தேயிலைச் செடி மெல்லத் தளிர்க்கும், கொழுந்து குறையும், குறைந்த கொழுந்திலே மணம் செறியும். ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான இந்த ஊவாத் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்திலே தனி மதிப்பும் தனி விலையும் உண்டு. இலண்டனிலே அதன் மணத்தை அறிந்து விலை கொடுப்போர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். ஆகவே 1953 ஓகஸ்டிலே எங்கள் மலையில் மூன்று விலைகள் ஒருங்கே நின்றன. தேயிலையின் விலை ஆண்டின் உச்சத்தை நாடும் பருவம் அது. அரிசியின் விலை 70 சதம். கூடையில் விழுங் கொழுந்து குறைவாதலின் நிறைக்கு மேற்பட்ட காசும் குறைவு. அந்தப் புதன்கிழமை காற்றிலே முக்காட்டை இறுக்கிக்கொண்டு மலையேறிய பெண்ணின் கையிலே மூன்று விலைகளும் இருந்தன. அவளைப் பற்றிய ஒரு வரியையும் எந்த மலரிலும் யான் காணவில்லை.

பொழுதுபோக்குப் பற்றிய வரிகளும் இப்படியே நகரத்துக் கண்ணாலே எழுதப்பட்டவை. அன்று ஓடிய படம் இது என்பார்கள். 1952 தீபாவளிக்கு வெளிவந்த ‘பராசக்தி’யைப் பற்றி எங்கள் முதியோர் பேசத் தொடங்கினால் இலேசில் நிறுத்தமாட்டார் என்பது மெய்யே. ஆயின் படத்தின் விலை நுழைவுச் சீட்டோடு முடிவதன்று. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பதுளைக்கு வந்து படம் பார்ப்பவர், போக்குவரத்துச் செலவோடு ஒரு பேரையும் இழந்தார். அதனாலேதான் படம் பார்த்தல் தீபாவளி, பொங்கல் போன்ற நாட்களுக்குரிய காரியமாயிற்று. ஒருவர் பார்த்து வருவார். லயம் முழுதும் அவர் வாயாற் கேட்டு அதைப் பார்க்கும். வானொலியும், திரான்சிஸ்டர் பெட்டி பரவிய 1960களுக்குப் பின்னரே லயத்துக்குள் நுழைந்தது. அதற்கு முன்னர்த் திருவிழா ஒலிபெருக்கியே வானொலி.

எங்கள் மலையின் பெரும் பொழுதுபோக்கு நுழைவுச் சீட்டில்லாதது. மாசி அமாவாசையை அடுத்து மூன்றாம் பிறையிலே காமன் ஊன்றுவார்கள். அதன் பின்னர் இரவுதோறும் தப்பு முழங்கும். ரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடி வருவார்கள். வீரபத்திரன் வேடங் கட்டியவர் பொட்டலில் இறங்கும்போது பிள்ளைகள் தாயின் முந்தானைக்குட் பதுங்குவார்கள். இறுதியில் மன்மதன் எரிக்கப்படும் இரவிலே ரதியின் ஒப்பாரியைக் கேட்டுக் கண் கலங்காத கங்காணியும் இல்லை. இரவு முழுதும் ஆடியவர் விடியற்காலையிற் பெரட்டுக்கு நிற்பார். ‘அர்ச்சுனன் தபசு’, ‘பொன்னர் சங்கர்’ முதலிய கூத்துக்களும் இங்ஙனமே. இவற்றுக்கு விலை இல்லை என்றால் செலவு இல்லை என்று பொருளன்று. குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி போட்டுத் திரட்டினார்கள், கோயிற் பணம் சம்பளத்திலேயே கழிக்கப்பட்டது. 54 சதக் கூலியிலிருந்தும் ஒரு பங்கைக் கூத்துக்கு எடுத்துவைத்த மக்களைப் பற்றிப் பொழுதுபோக்கு வரலாறு எழுதுவோர் ஒருமுறை நின்று நினைக்கலாகாதா?

செய்தி வந்த வழியையும் சுருங்கச் சொல்லிவிடுகின்றேன். புகையிரதம் 1924 இலே பதுளையை எட்டியது. வீரகேசரி 1930 இலும் தினகரன் 1932 இலும் தோன்றியபின், கொழும்பிலிருந்து வந்த தமிழ்ப் பத்திரிகை மலையேறியது. தோட்டத்துக்கு ஒன்றிரண்டு பிரதிகள். ஆசிரியரோ கணக்கப்பிள்ளையோ கடைக்காரரோ வாங்குவார். ஒருவர் உரத்துப் படிக்கப் பலர் கேட்பர். ஆகவே பத்திரிகையின் விலை இவ்வளவு என்பதிலிருந்து அதனைப் பெற்றவர் தொகையை எவரும் கணிக்க முடியாது. எழுத்தறியாதார்க்குப் பாட்டே பத்திரிகையாயிற்று. கோ. நடேசய்யரின் மனைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளரின் உரிமைகளைப் பாட்டாக்கிக் கூட்டங்களிற் பாடினார். 1940 இல் அவை சிறு நூலாகவும் வந்தன. செய்தியும் பொழுதுபோக்கும் வேறு வேறு தலைப்பாக அங்கே இருக்கவில்லை. அதே 1940 மே மாதத்திலே பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸைத் தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தம், தொழிலாளர் தாமே ஒரு சபையைத் தேர்ந்துகொள்ளும் அளவுக்குப் போயிற்று. தென்னிலங்கை இடதுசாரி இயக்கத்தின் வரலாற்றில் அதற்கு ஓர் இடமுண்டு. எங்கள் மாணவருள் நூற்றுக்கு ஒருவர் அதனைக் கேள்விப்பட்டிருந்தால் அதுவே பெரிது.

‘ஐயா, முதியோர் மகிழ்ச்சியோடு நினைத்துப் பார்ப்பதை ஏன் குலைக்கின்றீர்?’ என்று என் நண்பரொருவர் கேட்டார். முதியோரின் நினைவைப் பொய்யென்று யான் கூறவில்லை. அவர்களை முழுதாகப் பேசவிடுங்கள் என்றே கூறுகின்றேன். ஹாலி-எலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், பழைய விலைகளை விரல் மடித்து மகிழ்ச்சியோடு சொல்லி வந்தார். “சம்பளத்தன்றைக்குக் கையில் எவ்வளவு வரும்?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “வாத்தியாரய்யா, கைநாட்டு வைக்கிறதுக்குத்தான் எங்க கை. காசு நேரே கடைக்குப் போயிரும்” என்றார். இரண்டையும் அவரே சொன்னார். முதலாவதை மட்டும் எழுதிக்கொண்டு போவது கேட்பவரின் குறை. 1973, 1974 ஆம் ஆண்டுகளைப் பற்றி என் அன்னையார் கூறியதும் இவ்வகையினதே. அக்கால விலைகளையும் இன்று அச்சிட்டால் மலிவாகவே தோன்றும். மாவும் பாணும் கிடையாமல் மரவள்ளிக் கிழங்கையும் கீரையையும் உண்டு தோட்டங்கள் பட்டினி கிடந்த காலம் அது. தோட்டங்களின் இறப்பு வீதம் அப்போது உயர்ந்தது என்பது அரசாங்கப் புள்ளிவிவரங்களிலேயே பதிந்துள்ளது. கிடையாத பொருளுக்கு என்ன விலை எழுதினால் என்ன?

இத்தனையும் எழுதுவதற்கு ஒரு நடைமுறைக் காரணமுண்டு. மலைநாட்டு வாழ்வின் கணக்குக்குச் சான்றாகக்கூடிய ஏடுகள் நம் கண்முன்னே அழிகின்றன. சம்பளச் சீட்டு, பழைய செக்ரோல், அரிசிக் கூப்பன், கடைக் கொப்பி, கோயில் வரிக் கணக்கு ஆகிய இவற்றை எவரும் ஆவணம் என்று எண்ணுவதில்லை. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992 இல் மீண்டும் கம்பனிகளின் நிருவாகத்துக்கு மாறியபோதும், அலுவலகம் தோறும் பழைய புத்தகங்கள் இடத்தை அடைப்பனவாகவே கருதப்பட்டன. லயம் இடிக்கப்படும்போது கூரை இடுக்கிலிருந்த தகரப் பெட்டி குப்பைக்குப் போகின்றது. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, மாண்ட உயிர்களோடு அக்குடும்பங்களின் ஏடுகளும் மண்ணுக்குட் போயின. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் 1952 ஐ அடிப்படையாகக் கொண்டு நெடுங்காலம் கணிக்கப்பட்டு வந்தது. தலைநகரத்துத் தொழிலாளர் குடும்பத்தின் செலவை அதனால் இன்றும் ஆராயலாம். பசறை லயத்துக் குடும்பத்தின் செலவை அறியக் கடைக் கொப்பியை விட்டால் வேறு வழி அரிது.

ஆகவே என் மாணவர்க்கு இவ்வாண்டு கட்டுரைப் பயிற்சியாக ஒன்றைக் கொடுத்தேன். ‘அக்கால விலைவாசி’ என்று எழுதிவருவோர், பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரிக்கவேண்டும்: பொருளின் விலை, அந்நாட் கூலி, அம்மாதம் விழுந்த பேர். மூன்றும் தெரிந்தவற்றை மட்டுமே எழுதவேண்டும். முதல் வாரம் வந்தவை பெரும்பாலும் வெற்றுப் பத்திகள். இரண்டாம் வாரம் மாணவியொருத்தி தன் பாட்டியாரின் கடைக் கொப்பியைக் கொண்டுவந்தாள். அட்டை இல்லை; மண்ணெண்ணெய்க் கறை. அரிசி, மா, கருவாடு, வெற்றிலை, மண்ணெண்ணெய் என்று ஒரே கையெழுத்து. மாதந்தோறும் ஒரு கூட்டுத்தொகை, அதன் கீழ் ‘வரவு’, அதன் கீழ்ப் ‘பாக்கி’. மாசி மாதத்து ஏடு ஒன்றில் மட்டும் ‘காமன் வரி, கடனாகக் கொடுத்தது’ என்று ஒரு வரி இருந்தது. பட்டியற் பண்டிதர் எவரும் கற்பனை செய்திருக்கமாட்டாத விலை அது. கொப்பியைப் படியெடுத்துக்கொண்டு மூலத்தை அம்மூதாட்டியிடமே திருப்பிக் கொடுத்தோம்.

இத்தகைய கொப்பிகளோ சம்பளச் சீட்டுகளோ கூப்பன் புத்தகங்களோ தம்மிடம் உள்ள ஊவா வாசகர்கள் அருகிலுள்ள பாடசாலைத் தமிழாசிரியரிடம் ஒருமுறை காட்டுவார்களாக. பக்கங்கள் கிழிந்திருந்தாலும், எலி அரித்திருந்தாலும் தாழ்வில்லை. கடை நடத்தியோரின் மரபினர் தம் பேரேடுகளைக் கொடுத்துதவினால் இன்னும் நன்று. தொழிலாளியின் கொப்பியும் கடைக்காரரின் பேரேடும் ஒரே தோட்டத்துக்குரியனவாக இதுவரை எங்களுக்குக் கிடைக்கவில்லை.